பொன்னாடைக்கு முதல் படத்தைப் போடுங்கள்

மீனவரைப் பற்றிய படம் என்றால் நான் முதலில் பார்ப்பது வலை இழுக்கிற கைகளை. அது பொய்யாக இருந்தால் கதாநாயகி எவ்வளவு அழுதாலும் என் மனம் இளகாது. மன்னாரின் மீனவ ஊரான முள்ளிக்குளத்தில் இருந்து வந்தவனிடம் வேறு ரசனையை எதிர்பார்க்கக் கூடாது.

பிரெஞ்சு இயக்குநர் அன்யெஸ் வர்தாவின் முதற்படம் ‘லா புவாந்த் கூர்த்’ இந்தப் பரீட்சையில் தேறியது. செத் என்ற துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்பில் 1954இல் எடுத்தார். அப்போது அவருக்கு 26 வயது, புகைப்படக்காரி, சினிமா படித்தவர் அல்லர். ஒரு கணவன் மனைவியின் மனக்கசப்பு ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் அந்த ஊர்ச் சனம் தாங்களாகவே வந்து நடமாடுகிறது. கடலேரித் தண்ணீர் கெட்டுவிட்டது, சிப்பி அள்ளாதே என்று அதிகாரிகள் தடை போடுகிறார்கள். படகில் வந்து நோட்டம் விடுகிறார்கள். சனம் கண் தப்பி அள்ளுகிறது.

2007 செப்டெம்பரில் ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, கடற்படை முகாமுக்கு வீடுவாசலைப் பறிகொடுத்து, மலங்காட்டில் கொட்டில் போட்டு, 2017இல் போராடிக் காணியில் ஒரு பகுதியை மீட்ட எங்கட முள்ளிக்குளத்து ஆக்கள் படத்தில் வரும் அந்த அதிகாரிகளின் படகைக் கண்டால் திரையைப் பார்த்தே ஏசுவார்கள்.

படம் 1955இல் கான் நகரில் ஓடியது. அங்கே நடக்கும் திரைப்பட விழாவுக்குள் இடமில்லை, விழா நாட்களில் வெளியே ஒரு தியேட்டரில் போட்டார்கள். வெளியே நின்ற அந்தப் பெண்ணை 2015இல் அதே கான் மேடைக்கு அழைத்து கௌரவத் தங்கப் பனை விருது கொடுத்தார்கள். இடையில் 60 வருஷம். இயக்குநர்கள் வுடி அலனுக்கும் பெர்டொலுச்சிக்கும் முன்பே கொடுத்தாயிற்று. பெண் இயக்குநர் ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. போட்டியில் தங்கப் பனை வர்தாவுக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. இந்த மாதிரி விருதுகளில் பாதி மரியாதை, பாதி பழைய கடன். பிந்தினாலும் கட்டினார்களே என்பது என் கட்சி. அவர் 2019 மார்ச்சில் காலமானார். அந்த மே மாத விழாச் சுவரொட்டியில், உதவியாளர் ஒருவரின் முதுகில் ஏறி நின்று கமெராவுக்குள் பார்க்கிற இளம் வர்தா. அந்த முதற்படப்பிடிப்பில் எடுத்த புகைப்படம்.

ஆனால் வர்தா கேடயத்தை நம்பி இருக்கவில்லை. சொந்தக் கம்பனி வைத்துத் தன் படங்களைத் தானே பாதுகாத்தார். விருது கொடுத்த அன்று போட்டுக் காட்டப் படம் இருந்தது.

இனி எங்கள் பக்கம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமாக வந்தது. வாடைக் காலத்தில் நெடுந்தீவில் வாடி போட வருகிற மீனவரின் கதை. கமெரா வந்து நின்றதோ மன்னார்த் தீவின் பேசாலையில். நடித்த கே.எஸ். பாலச்சந்திரன் 2014இல் ரொறன்ரோவில் காலமானார், ஏ.ஈ. மனோகரன் 2018இல் சென்னையில். செங்கை ஆழியானும் 2016இல் போய்விட்டார். எங்கள் கலைஞருக்கு விழா எடுப்பதில் நாங்கள் குறைந்தவர்கள் அல்லர். பொன்னாடை, மாலை, கேடயம், சிறப்பு மலர், ஒலிவாங்கியை விடாத ஒரு பேச்சாளர். ‘ஈழத்துச் சினிமாவுக்கு அளப்பரிய பங்களிப்பு’ என்று வாழ்த்துமடல் வாசிப்பார்கள். அந்தப் பங்களிப்பைப் பெரிய திரையில் பார்த்த இளம் பிள்ளை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் கருகின, உண்மை. எரியாமல் மிஞ்சியதைத் தேடி எடுக்க யார் தடுத்தது?

வர்தா கான் மேடையேறிய அதே 2015இல்தான் யாழ்ப்பாணத்தில் சர்வதேச சினிமா விழா தொடங்கியது. வடக்கில் இனி எந்த விழா கௌரவ விருது கொடுத்தாலும் பேசாலைக்கு ஒரு நாள் ஒதுக்கட்டும். கிடைக்கிற பிரதியைத் திருத்தி, கடற்கரையில் திரை கட்டி ‘வாடைக்காற்’றைப் போடட்டும். படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த 20 வயதுப் பெடியள் இப்போது 70ஐ நெருங்கியிருப்பார்கள். முன்வரிசைக் கதிரை அவர்களுக்கு; அமைச்சர் வந்தால் பின்னால் இருக்கட்டும். பொன்னாடைக் காசை மிச்சம் பிடித்தால் புரொஜெக்டர் வாடகைக்குக் காணும். ஜெனரேட்டருக்குக் கோயில் கமிற்றியைக் கேட்கலாம்.