யாருக்கு அவசரம்?

“எங்கள் மாப்பிள்ளைக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது” என்று சொல்லும் மாமியாரின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை இரண்டு மனை வாங்கிப் போட்ட மாதிரி ஒரு பெருமிதம்! ஆஞ்சியோபிளாஸ்டி இன்று அப்படி ஓர் அந்தஸ்தாகிவிட்டது.

1977 செப்டம்பர் 16ந் தேதி, ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர், 38 வயதுக்காரர் ஒருவரின் இருதய ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழலைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்த பலூனை ஊதி அடைப்பை விலக்கினார். அந்தப் பலூன்களை ஆரம்பத்தில் அவர் தம் வீட்டுச் சமையலறை மேஜையில்தான் செய்து பார்த்தார். மார்பைப் பிளக்காமல் செய்த அந்த வித்தைக்கு என் கும்பிடு. என் சண்டை வித்தையோடு அல்ல. அதை நாம் படுத்துகிற பாட்டோடு.

மாரடைப்பில் ரத்தக் கட்டி குழாயை அடைக்கிறது. அப்பாலுள்ள தசை பட்டினி கிடந்து சாகத் தொடங்குகிறது. செத்த தசை மீளாது. ஆகையால்தான் நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 90 நிமிஷத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும் என்று வைத்திய உலகம் விதி வகுத்திருக்கிறது. அந்த வசதி இரண்டு மணி நேரத்துக்குள் எட்டாத ஊரென்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? “வாயுவாக இருக்கும்” என்று ஒரு சோடா. பிறகு ஓம வாட்டர். பிறகு மைத்துனருக்கு டெலிபோன். வலி வீட்டு அம்மாளுக்கு வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். அவளுக்கு மூச்சு வாங்கினாலும் தாடை வலித்தாலும் “அடுப்படியில் நின்ற அசதி”தான்! ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே முன்பணம் கட்டுமிடத்தில் கியூ. தசை செத்துக்கொண்டே இருக்கிறது.

இனி மறுபக்கம் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மட்டும் நெஞ்சு வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மாதக் கணக்கில் அப்படியேதான் இருக்கிறது என்று ஒருவர் வருகிறார். அவருக்கு ஆஞ்சியோகிராம் படத்தைக் காட்டி, “80 சதவிகித அடைப்பு, இன்றே வைத்துவிடலாம்” என்கிறார்கள். மனைவி தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள். ஆனால் 2007இல் வெளியான கரேஜ் ஆராய்ச்சியும், 5,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2020இல் வெளியிட்ட இஸ்கீமியா ஆராய்ச்சியும் கண்டது வேறு. இத்தகையவர்களுக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்டையும் சேர்த்து வைப்பதால் வலி குறைகிறது, மரணம் குறையவில்லை. இடது பிரதானக் குழாய் அடைத்தவர்கள், வலி நாளுக்கு நாள் முற்றுகிறவர்கள் சங்கதி வேறு. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம், இன்னொரு டாக்டரையும் கேட்கலாம்.

“ஆஸ்பத்திரியை இப்படிச் சந்தேகிக்கலாமா?” என்பீர்கள். 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை சுமார் 1,21,000 ரூபாய். சர்க்கார் நிர்ணயித்த உச்ச விலை 29,600 ரூபாய். ஒரே நாளில்! அதுவரை இடையில் நின்ற பணம் யார் மடியில் விழுந்தது?

பெரிய ஆஸ்பத்திரிகளின் வரவேற்பு மண்டபத்தில் டாக்டர்களின் படங்களும் பட்டங்களும் பளபளக்கின்றன. சென்ற மாதம் மாரடைப்போடு வந்தவர்களுக்கு, வாசல் மிதித்த எத்தனையாவது நிமிஷத்தில் குழாயைத் திறந்தோம் என்று எழுதிய பலகை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.