மாற்று என்றது தமிழ்!



ஒரே ஒரு சொல்லைப் பற்றி இன்று பேசுவோம். "மாற்று" எனும் சொல்.

1970-ஆம் ஆண்டு, கலைஞர் முதலமைச்சராக வீற்றிருந்த காலத்தில், சென்னையின் சேரிகளிலும் குப்பங்களிலும் சேற்றோடும் சாக்கடையோடும் போராடி வாழ்ந்த மக்களுக்கென ஒரு வாரியம் பிறந்தது. அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர், குடிசைகளை அகற்றும் வாரியம் என்று பொருள்படும். தமிழில் இட்ட பெயரோ, குடிசை மாற்று வாரியம்! அகற்று என்றான் ஆங்கிலேயன் விட்டுச் சென்ற மொழியிலே எழுதியவன். மாற்று என்றான் தமிழிலே எண்ணியவன். ஓலை போய்க் காரை வரட்டும். மண்சுவர் போய்ச் செங்கற்சுவர் எழட்டும். மனிதன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்! இதுதானே அச்சொல்லின் உட்பொருள்? நொச்சிக்குப்பத்து மீனவனுக்கு மாடிவீடு எழுந்தது எங்கே? அலையோசை கேட்கும் தூரத்தில், அவன் படகு கிடக்கும் மணலுக்கு அருகிலே!

அந்நாளில் எடுத்த கணக்கிலே, சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள். அவற்றிலே வாழ்ந்தோர் 7 இலட்சத்துக்கும் மேல். 1971-இல் வந்த சட்டம் அப்பகுதிகளை அறிவிக்கவும், மேம்படுத்தவும், அங்குள்ளோரைக் கண்டபடி வெளியேற்றாமல் காக்கவும் வழி செய்தது. 1985-இல் மேலும் 17 பகுதிகள் அப்பட்டியலில் ஏறின. அதன் பிறகு? பல்லாண்டு காலம் ஒன்றுகூட ஏறவில்லை! நகரம் வளர்ந்தது, குடிசைகளும் வளர்ந்தன, பட்டியல் மட்டும் உறங்கிற்று. பட்டியலில் இல்லாதவனுக்குச் சட்டத்தின் நிழல் இல்லை. நிழல் இல்லாதவனுக்குச் சூட்டிய பெயர், ஆக்கிரமிப்பாளன்!

இனி, பெருங்குடிக்கு வாருங்கள். பெயரிலேயே பெருமை பூண்ட ஊர். ஒருநாள் வயலும் ஏரியுமாய் இருந்த மண்ணில் இன்று கண்ணாடி மாளிகைகள் நின்று கண்ணைக் கூசச் செய்கின்றன. கிழக்கே கணினித் தொழிலின் நெடுஞ்சாலை. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், அதன் மார்பிலே மாநகரம் ஆண்டாண்டாய்க் கொட்டிக் குவித்த குப்பை மேடும். விடியற்காலையில் அந்த நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். தெற்கேயிருந்து கூட்டங்கூட்டமாகப் பெண்கள் வருவார்கள், கண்ணாடி துடைக்க, கழிப்பறை கழுவ, மயிலையிலும் அடையாற்றிலும் பாத்திரம் தேய்க்க. எங்கிருந்து வருகிறார்கள்? கண்ணகி நகரிலிருந்து, செம்மஞ்சேரியிலிருந்து, பெரும்பாக்கத்திலிருந்து! முன்பு எங்கே இருந்தார்கள்? அவர்கள் இன்று பேருந்தேறிப் போகிறார்களே, அந்தத் தெருக்களின் பின்புறத்திலே!

2000-ஆம் ஆண்டளவில் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் தொடங்கிற்று இந்தக் குடியேற்றம். அங்கே 15,000 வீடுகளுக்கு மேல். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. 2015 பெருவெள்ளத்துக்குப் பின், எட்டடுக்குக் கட்டடங்களாகப் பெரும்பாக்கம். அங்கே 20,000 வீடுகளுக்கு மேல். எந்த ஆட்சி எதைக் கட்டியது, எந்த ஆட்சி எதை நிரப்பியது என்று மேடையில் கணக்குப் பார்க்கலாம். இரு பக்கமும் பற்று எழுத வேண்டிவரும். அதற்காக இதை எழுதவில்லை.

மண்ணடியில் கூலி தேடியவன், மந்தைவெளியில் இட்டலி சுட்டு விற்றவள், இவர்களுடைய முதலீடு என்ன? கால்நடையாகச் சென்றடையும் தூரம்! அதைப் பறித்துக்கொண்டு கையிலே ஒரு சாவியைக் கொடுத்தார்கள். கண்ணகி நகரை ஆராய்ந்த அடையாற்றுச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கரேன் கோயல்ஹோவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். வறுமையை ஒழிக்க வந்த குடியிருப்பு, வறுமையை மறுபடி விளைவிக்கும் வயலாகிப் போனதை அது காட்டுகிறது. முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கும் இழிநிலை வேறு! 2021-இல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது, மகிழ்ந்தோம், மார்தட்டிக்கொண்டோம். பணம் மிச்சமாயிற்று. பொழுது? பேருந்திலே கரையும் இரண்டு மணி நேரத்தை எந்தக் கருவூலம் திருப்பித் தரும்?

நாடகம் எழுதுகிறவன் நான். திரைச்சீலையை மாற்றினால் காட்சி மாறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாத்திரத்தின் பசி, சீலையோடு மாறுவதில்லையே! 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நட்டநடுவில், கூவத்தின் கரையிலிருந்த சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்களே, அந்தப் பிள்ளைகளின் தேர்வுக்கு எந்தச் சீலையை மாற்றுவது?

கண்ணகியின் பெயரை வைத்தார்களே, அதையும் எண்ணிப் பாருங்கள். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் நின்றாள் கண்ணகி. 2001-இல் அவள் சிலையை அகற்றினார்கள். தமிழகம் கொதித்தது, 2006-இல் நின்ற இடத்துக்கே மீண்டும் வந்தாள். கல்லான கண்ணகிக்கு நாம் கேட்டுப் பெற்ற நீதி அது. கண்ணகி நகரத்துக் கண்ணகிகளுக்கு?

வெள்ளத்தில் ஆபத்து, ஆற்றங்கரையை விட்டு எழுந்திரு என்றார்கள். எழுந்தவனைக் கொண்டுபோய் வைத்த இடம் எது? சதுப்புநிலத்தின் ஓரம்! மழை வலுத்தால் செம்மஞ்சேரித் தெருக்களில் படகு விடலாம். அதே ஆற்றங்கரையில், அதே சதுப்புநிலத்தின் விளிம்பில், பணம் படைத்தோர் கட்டிய மாளிகைகள் மட்டும் அசையவில்லை. அவற்றுக்கு வெள்ளம் வராதோ!

"நகரத்து மண் பொன்விலை, அதிலே ஏழைக்கு வீடா?" என்று கேட்கும் அதிகாரிகள் உண்டு. தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரிலே, 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. சுமார் 16,000 பேர் தெருவில் நின்றார்கள். கைப்பிடி அளவு நாடு, மண்ணுக்கு விலை இல்லாத நாடா அது? தீப்பிடித்த அதே மண்ணில்தான் வீட்டு வாரியத்தின் மாடங்கள் எழுந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? நொச்சி நகரிலும் புளியந்தோப்புக் கே.பி. பார்க்கிலும் பழைய அடுக்குகளை இடித்து, நின்ற இடத்திலேயே உயர்த்திக் கட்டவில்லையா?

2022 மே மாதம், இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்றத் தீர்ப்பின்படி வீடுகளை இடிக்க எந்திரம் வந்தபோது, ஒருவர் தன் உடலுக்குத் தானே தீயிட்டு மாண்டார். பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்: அம்மக்களுக்கு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் கட்டப்படும் வீடுகள் தரப்படும்; இனி மக்களின் கருத்தைக் கேட்டே மறுகுடியமர்வு நடக்கும் என்று. அருகிலேயே இடம் கிடைக்கும் என்பது அன்று கோட்டையின் வாயாலேயே வெளிப்பட்டதல்லவா? ஓர் உயிர் எரிந்த பின்னர்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

வாரியத்தின் பெயர் 2021-இல் மாறிவிட்டது; நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்கிறோம். அதே ஆண்டில் மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவும் வெளிவந்தது. வட்டச் செயலாளர்களே, பெரும்பாக்கத்துப் படிகளில் வாக்குச் சீட்டோடு மட்டும் ஏறியவர்களே! உங்கள் வட்டத்தில் ஆற்றோரம், கால்வாயோரம், இரயில்பாதை ஓரம் உள்ள ஒவ்வொரு குடிசைப் பகுதியின் பெயரையும் எழுதுங்கள். எது அறிவிக்கப்பட்டது, எது அறிவிக்கப்படாதது என்று பிரித்து எழுதுங்கள். அருகில் இடிக்க இருக்கும் பழைய அடுக்குகளில் எத்தனை மாடி கூட்டினால் எத்தனை குடும்பம் தங்கும் என்று, தெரிந்த பொறியாளரை வைத்துக் கணக்கிடுங்கள். எந்திரம் வருமுன் அந்தத் தாள் வாரியத்தின் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.