மூன்று லட்சம் பேருக்கு ஒருவர்

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை எடமலைப்பட்டி புதூரில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் கூடிப் புத்தகம் பேசுவது எங்கள் வழக்கம். அரசியல் பேசுவதில்லை என்பது எழுதப்படாத விதி. சென்ற கூட்டத்தில் அவ்விதியை நாங்களே மீறினோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. குடவோலை முறையைக் கேட்டு அனைவரும் பெருமிதத்தில் ஆழ்ந்திருந்த வேளையில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான மூத்த அன்பர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நம்ம எம்.எல்.ஏ. கிட்ட நேர்ல நின்னு பேசினவங்க இங்க எத்தனை பேரு?"

பதினொரு பேரில் இருவர் கை தூக்கினர். ஒருவர் கல்யாண மேடையில் வணக்கம் சொன்னவர். மற்றவர் மனுவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தவர். சற்று யோசித்துக் கையை அவரே இறக்கிக்கொண்டார்.

எந்த உறுப்பினரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தபோது குறை மனிதரிடத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்று தோன்றியது. அதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

1952 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 உறுப்பினர்கள். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அம்மாநிலத்தின் மக்கள்தொகை, 1951 கணக்கெடுப்பின்படி சுமார் 5.70 கோடி. ஆளுக்கு ஒன்றரை லட்சம் பேர். மாநிலம் பிரிந்தபின் உறுப்பினர் எண்ணிக்கை 205, 206 என்று இருந்து, 1967 தேர்தலில் 234 ஆயிற்று. அதற்கு அடிப்படையான 1961 கணக்கெடுப்பில் தமிழர் நிலத்தில் 3.37 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்கு 1.44 லட்சம். ஆக, ஒன்றரை லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி என்பதே நம் முன்னோடிகள் கைக்கொண்ட அளவுகோல் என்று கொள்ளலாம்.

பிறகு அளவுகோல் கைநழுவிப் போயிற்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. உறுப்பினர்களோ அதே 234 பேர். ஆளுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். எங்கள் திருச்சி மாவட்டத்தில் 27 லட்சம் பேருக்கு ஒன்பது தொகுதிகள். இங்கும் அதே விகிதந்தான். சராசரி இப்படியென்றால் உச்சம் இன்னும் கொடிது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் வாக்காளர் மட்டுமே ஏறக்குறைய ஏழு லட்சம். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அண்டையில் பார்ப்போம். 140 உறுப்பினர்களைக் கொண்ட கேரளத்தில் 2.39 லட்சம் பேருக்கு ஒருவர். முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் புதுச்சேரியில் நாற்பத்திரண்டாயிரத்துக்கும் குறைவானோருக்கு ஒருவர். (உத்தரப் பிரதேசத்தில் ஐந்து லட்சத்தை நெருங்குகிறது என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடப்பது நம் பசிக்கு மருந்தாகாது.)

ஏன் இப்படி உறைந்தது? நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆம் அரசமைப்புத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2001இல் இயற்றப்பெற்ற 84ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இடையில் 2008இல் நடந்த மறுவரையறையில் கோடுகள் மாறின; திருச்சி 1, திருச்சி 2 என்ற பெயர்கள் மறைந்து கிழக்கு, மேற்கு என்பவை வந்தன. 234 மட்டும் அசையவில்லை.

இங்கேதான் எங்கள் கேள்வி பிறக்கிறது. மக்களவைத் தொகுதிகளை உறையவைத்ததன் நியாயம் நமக்கு நன்கு புரிகிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் டெல்லியில் இடங்களை இழக்கக்கூடாது. அந்த வழக்கில் நாங்களும் தமிழ்நாட்டின் பக்கமே நிற்கிறோம். ஆனால் அந்த நியாயம் மாநிலச் சட்டமன்றத்துக்கு எப்படிப் பொருந்தும்? சென்னைக் கோட்டையில் நாற்காலிகள் கூடினால் பீகாருக்கு நட்டமில்லை. குறைந்தால் இலாபமும் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நமக்கு இழப்பு வராது. நம் உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. இது 1971 மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, பின்னும் ஆயிரத்தால் வகுத்துப் பெற்றது. உறுப்பினர் கூடினால் தனி மதிப்பு குறையும். மாநிலத்தின் மொத்த மதிப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும். மக்களவைச் சண்டையின் நிழலில் யாரும் கவனியாமல் சட்டமன்றமும் சேர்ந்து உறைந்துவிட்டது என்பதே எங்கள் துணிபு. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்பதில் தமிழ்நாட்டின் உரிமைக்குரல் சற்றும் தாழாது.

ஒருவர்மேல் இவ்வளவு பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி மாநகரம் நன்கறியும். 2011 மே மாதம் திருச்சி மேற்கில் வென்று அமைச்சருமான மரியம் பிச்சை, பேரவையில் உறுப்பினராகப் பதவியேற்கச் சென்றுகொண்டிருந்தபோது மே 23ஆம் நாள் சாலை விபத்தில் காலமானார். இடைத்தேர்தல் அக்டோபர் 13 அன்று நடந்தது. ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்தின் உறுப்பினராய் முதலமைச்சரே இருந்தார். 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு தனி நீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா பதவியிழந்தார். இடைத்தேர்தல் 2015 பிப்ரவரி 13இல்தான். நான்காண்டுக்குள் ஒரே மாநகரில் இரண்டு தொகுதிகள் நாலைந்து மாதம் ஆளின்றிக் கிடந்தன. இதையும் விஞ்சியது 2017 செப்டம்பரில் பதினெட்டு உறுப்பினர்கள் தகுதிநீக்கம் பெற்ற நிகழ்ச்சி. அத்தொகுதிகளுக்கு 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலுமே இடைத்தேர்தல் வந்தது. கீழவை என்று இன்னும் பாடநூல் மொழியில் சொல்கிறோமேயொழிய, 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டபின் நமக்கு மேலும் இல்லை கீழும் இல்லை. இருப்பது ஒரே அவை. அதில் நமக்குள்ள ஒரே நாற்காலி காலியானால் மூன்று லட்சம் பேரும் ஒருசேர ஊமையராகிறார்கள்.

மறுப்புகளை அறிவோம். "இருக்கிறவங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது போதாதா?" என்று மொட்டைமாடியிலேயே கேட்டுவிட்டார்கள். செலவு கூடும், உண்மை. ஆனால் மாநில வரவுசெலவில் அது கடுகளவு. அமைச்சர்கள் பெருகுவார்கள் என்பது அடுத்தது. அவையில் 15 விழுக்காடு என்பது உச்சவரம்பு; அத்தனை பேரையும் அமைச்சராக்கியே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இடம் எங்கே என்போர் உண்டு. 2010இல் புதிய பேரவைக் கட்டடமே கட்டித் திறந்து, 2014இல் அதை மருத்துவமனையாக்கிய மாநிலம் நம்முடையது. கட்டடம் நமக்குப் பொருட்டே அன்று. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மாமன்ற உறுப்பினர் இருக்கிறாரே என்பதும் மெய். ஆயினும் பள்ளிக்கும் காவல்துறைக்கும் நிலத்துக்கும் சட்டம் இயற்றுவது மாமன்றம் அன்று.

நாங்கள் மதிக்கும் மறுப்பு ஒன்றுதான். இப்போதே ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கைகள் ஓடி முடிகின்றன. ஆள் கூடினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நிமிடங்கள் இன்னும் குறையாதா? குறையும். ஆகவே இருக்கைகள் கூடும்போது அவை கூடும் நாட்களும் கூடவேண்டும். ஒன்றை மட்டும் செய்வது வீண்.

எத்தனை பேர் வேண்டும்? பழைய ஒன்றரை லட்சக் கணக்குக்குத் திரும்பினால் 480 வரும். அரசமைப்பின் 170ஆம் கூறு தரும் உச்சவரம்பான 500க்குள் அது அடங்கும். நாங்கள் அவ்வளவு ஆசைப்படவில்லை. இரண்டு தொகுதிகள் உள்ள இடத்தில் மூன்று என்றால் 351. ஆளுக்கு இரண்டு லட்சம் பேர். இதில் எங்களுக்கே வியப்பளித்த கணக்கு ஒன்றும் உண்டு. 2021 தேர்தலில் 234 பேரில் வென்ற பெண்கள் பன்னிருவர் மட்டுமே. பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு தரும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியபோது, நடைமுறையைக் கணக்கெடுப்புக்குப் பின்வரும் மறுவரையறையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 351இல் மூன்றிலொரு பங்கு 117. புதிதாகக் கூடும் இடங்களும் சரியாக 117. எந்தெந்தத் தொகுதி யாருக்கு என்பது சுழன்று வந்தாலும், பொதுவில் 234 இடங்கள் அப்படியே எஞ்சும். அண்ணன்மார் அஞ்ச வேண்டியதில்லை.

மீண்டும் உத்திரமேரூர். பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவற்றை, நாம் மேடைதோறும் புகழ்கிறோம். நிலமும் வீடும் உள்ள பிராமண ஆடவருக்கு மட்டுமான சபை அது என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். அதை மக்களாட்சி என்று கூற எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர்களிடம் கற்க ஒன்று உண்டு. ஓர் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒரு பெயரெனக் குடத்திலிருந்து எடுத்தார்கள். ஓலையில் எழுதப்பெற்றவனை அக்குடும்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கணக்குக் காட்டாதவனை மறுமுறை நுழையவிடாமல் தடுக்க அவர்களால் முடிந்ததும் அதனாலேயே. தெரிந்தவனைத்தான் கணக்குக் கேட்க முடியும்.

மூத்த அன்பரின் கேள்விக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை. இறக்கிக்கொண்ட அந்தக் கை, அடுத்த தலைமுறையின் மொட்டைமாடியிலாவது உயர்ந்தபடி நிற்கவேண்டும். இக்கணக்கில் பிழை கண்டவர்கள் தயங்காமல் திருத்துங்கள். கருத்தில் பிழை கண்டவர்கள் வாதிட வாருங்கள். அடுத்த மாதமும் இரண்டாம் ஞாயிறுதான். தேநீர் எங்கள் செலவு.