ஒற்றை நாற்காலிக்கு ஒதுக்கீடு இல்லையாம்!

தோழர்களே, கல்லூரி அணிக்கு ஆள் வேண்டுமென்றால் சேரித் திடலுக்கு வருகிறார்கள். ஒரு வலை, ஒரு பந்து போதும் என்பதால் நம் பிள்ளைகள் பழகிய ஆட்டம் வாலிபால். ஜெயித்த கோப்பை முதல்வர் அறையில் இருக்கும். ஜெயித்தவர் அங்கேயே பயிற்சியாளராக நினைத்தால்?

பி.பி.எட். 2 ஆண்டு, எம்.பி.எட். 2 ஆண்டு, பிறகு நெட் அல்லது செட். பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். டிப்ளமோவும் முடி என்பார்கள். காசுக்கு வழி சொல்லமாட்டார்கள். அத்தனையும் முடித்து வந்தால், கல்லூரியில் இருப்பது பெரும்பாலும் ஒரேயொரு உடற்கல்வி இயக்குநர் பதவி. ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடு கூடாது, சுழற்சி முறையிலும் கூடாது என்று 1998இல் சண்டிகர் பி.ஜி.ஐ. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது 100 சதவீத ஒதுக்கீடு ஆகிவிடுமாம். அதே நாற்காலியில் நிர்வாகத்தின் சாதிக்காரரே வரிசையாக உட்கார்ந்தால் அது எத்தனை சதவீதம்?

நமக்கு மிஞ்சுவது தொகுப்பூதிய ‘கோச்’ வேலை. சீசன் முடிந்தால் சம்பளமும் நிற்கும்.

ஒரு நிர்வாகம் நடத்தும் எல்லா உதவிபெறும் கல்லூரிகளின் இயக்குநர் பதவிகளையும் சேர்த்து ஒரே அலகாக அரசு கணக்கிட வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தப் பதவி எப்படி நிரப்பப்பட்டது? தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த வாரமே மனுப் போடுங்கள்.