வினைமுற்று இல்லாத பதிவுகள்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அது இணைக்கும் இடங்களின் பட்டியலில், படகேறிச் சென்றடைய வேண்டிய லாங் ஐலண்டும் உண்டு. வடம் செல்லும் இடமெல்லாம் செயலிகள் செல்லும். அவற்றோடு, "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, மீண்டும் முயல்க" என்னும் வாசகமும் செல்லும்.

அவ்வாசகத்தைவிடக் கண்டனத்துக்குரியது அதன் பின்னால் சர்வரில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமலே போகும், லாக். பிழையைத் தேடுபவர் பெங்களூரிலோ சென்னையிலோ அமர்ந்திருக்கிறார். அத்தீவின் படகுத்துறைக்கு அவர் போகப்போவதில்லை. அங்கு நடந்ததற்கு அவரிடம் வந்துசேரும் ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். அதில் "பணப் பரிமாற்றம் தோல்வி" என்று மட்டும் இருந்தால், அது சாட்சியன்று, வெறும் முனகல்.

வினை எவற்றையெல்லாம் உணர்த்த வேண்டும் என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்திருக்கிறார்: செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செயலுக்கு உள்ளான பொருள் என ஆறு. மென்பொருள் லாக்குக்கு இதைவிடச் செறிவான இலக்கணம் வேண்டுவதில்லை. எந்தப் பயனர், செயலியின் எந்தப் பதிப்பு, எந்தச் சர்வர், என்ன முயன்றது, எப்போது, எந்தப் பரிமாற்றத்தின்மீது? இவற்றோடு தோல்விக்கான காரணமும், கைபேசியிலிருந்து வங்கி வரை ஒரே பரிமாற்றத்தைத் தொடரும் ஓர் அடையாள எண்ணும் சேர்ந்தால் போதும்.

ஆறனுள் காலமே பெரிதும் அலட்சியப்படுத்தப்படுவது. "06:10" என்று எழுதிவிட்டு, அது இந்திய நேரமா, ஐந்தரை மணிநேரம் பின்தங்கிய உலகப் பொதுநேரமா என்று சொல்லாத லாக்குகள் எத்தனை! (லாங் ஐலண்டில் கதிரவன் இந்தியக் கடிகாரத்தைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் முந்தியே நடக்கிறான், அது வேறு கதை.) இணைப்பு அறுந்து மீளும் இடங்களில் நிகழ்ந்த நேரமும் சர்வரை வந்தடைந்த நேரமும் தனித்தனியே வேண்டும். அதுவரை பதிவு கருவியிலேயே பத்திரமாக இருக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் பதிவோம்" என்பது இதன் மறுமுனைச் சோம்பல். கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் லாக்கில் கிடப்பது பிழைதேடலன்று, கசிவு. ஆதார் சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. மறுபுறம், கணினி லாக்குகளை 180 நாள் காக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022இல் ஆணையிட்டது. ஆனால் 180 நாள் காத்த குப்பை குப்பையே.

இதனால் யாருக்கு என்ன கேடு என்பார் பிரித்தானிய அஞ்சலகத்தின் ஹொரைசன் வழக்குகளைப் படிக்கட்டும். டால்மெல்லிங்டன் என்ற ஸ்காட்லாந்துச் சிற்றூர் இன்று ஒரு பிழையின் பெயர். 2015இல் அவ்வூர் அஞ்சலகத்தின் கிளையொன்றுக்கு 8,000 பவுண்டு மாற்றப்பட்டபோது திரை நகரவில்லை. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த, பணம் நான்கு முறை வரவானது. கணக்கில் 24,000 பவுண்டு பற்றாக்குறை. பிறகு பதிவுகளைத் துருவியபோது, அதே வகை நிகழ்வு ஐந்தாண்டுகளில் 112 முறை நேர்ந்திருந்தது தெரியவந்தது. ஐந்தாண்டும் சாட்சி அங்கேயே இருந்தது. படித்தவர் இல்லை.

ஹொரைசன் கணக்கை நம்பி 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். 2010இல் கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்ற சீமா மிஸ்ராவின் தரப்பு, விசாரணையின்போதே ஹொரைசன் தரவுகளைக் கேட்டது, முழுமையாகத் தரப்படவில்லை. 2021இல்தான் அவரது தண்டனை நீக்கப்பட்டது. லாக் டெவலப்பரின் அந்தரங்கக் குறிப்பு என்று கருதும் வழக்கத்தின் விலை இது. குற்றம் சாட்டப்பட்டவரும் அதன் வாசகரே.

இங்கோ, "இங்கே 1", "இங்கே 2", "வந்துவிட்டது" என்று அச்சிடும் நிரல்கள் ஆய்வேடுகளோடு சமர்ப்பிக்கப்படுகின்றன. மேற்கோள் குறியின் இடம் தவறினால் ஆய்வேட்டைத் திருப்பியனுப்பும் தேர்வாளர், நிரல் தன் பிழையை எப்படிச் சொல்கிறது என்று கேட்பதில்லை. இத்திட்டம் லாங் ஐலண்டில் ஒருவரது கைபேசியில் பழுதானால், அங்கு போகாமலே காரணத்தை எதைக்கொண்டு காட்டுவீர்கள்? வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை; அடுத்த தேர்விலேயே கேட்கலாம்.