வாய்க்கால் பார்த்த அறை வேண்டாம்

ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்ப அசல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிற எங்கட ஆட்களும் கனபேர். லண்டன் மாமா வீட்டுக்கோ பரிஸ் கலியாணத்துக்கோ போனால் ரெண்டு நாள் அங்கயும் எட்டிப் பார்க்கிறார்கள். ஹொட்டல் தேடும்போது எல்லாருடைய கண்ணும் போய் நிற்பது ஒரே படத்தில்: யன்னலைத் திறந்தால் கீழே வாய்க்கால்.

அந்த அறையை எடுக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

யுனெஸ்கோ 2010இல் பட்டியலில் சேர்த்த அந்த வாய்க்கால் வளையம் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. காணித் துண்டுகள் ஒடுக்கம், அதனால் வீடுகளும் ஒடுக்கம், பின்னுக்கு நீளம், மேலே உயரம். உள்ளே படிக்கட்டு எண்டு சொல்லுவது கிட்டத்தட்ட ஏணி. அந்தக் காலத்து வணிகனே அதில் மூட்டை ஏற்றவில்லை. முகப்பின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிற்றால் இழுத்து, யன்னல் வழியாகத்தான் ஏற்றினான். உங்கட சூட்கேசுக்கு அந்த வசதி இல்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் எண்டபடியால் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்கவும் ஏலாது. முழங்கால் வருத்தத்தோடு இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது படத்தை இல்லை, எத்தனையாம் மாடி, லிஃப்ட் இருக்கா எண்டதை.

எனக்கு எரிச்சல் வருவது இந்தக் குறைகளே விலையாக மாறும் இடத்தில். சரக்கு அடுக்கின பரண் இப்ப "மர உத்தரங்கள் தெரியும் அறை". ஒடுங்கின வீடு "பொற்கால வணிகர் மாளிகை". யாருடைய பொற்காலம்? 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த கம்பனி எங்கட கறுவாவையும் மன்னார் முத்தையும் யானையையும் விற்றுக் காசு பார்த்தது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகமே 2019இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. அடிமை வியாபாரத்தில் நகருக்கு இருந்த பங்குக்காக 2021இல் நகர மேயர் மன்னிப்பும் கேட்டார். ஹொட்டல் விளம்பரத்தில் மட்டும் தங்கம் இன்னும் மினுங்குது.

சரி, அங்கேதான் தங்க வேணும் எண்டால் பின்பக்க அறையைக் கேளுங்கோ. அந்த வீடுகளுக்குப் பின்னால் தோட்டங்கள் இருக்கு. தெருச் சத்தமும் சுற்றுலாப் படகுச் சத்தமும் அங்கே குறைவு. தேவாலயத்துக்குப் பக்கத்திலா எண்டும் பாருங்கோ. வெஸ்டர்கெர்க் மணி கால் மணிக்கொருக்கா அடிக்கும்.

விலையைப் பார்க்கும்போது வரியையும் கூட்டிப் பார்க்க வேணும். 2024 முதல் நகரின் சுற்றுலா வரி அறை விலையில் 12.5 வீதம். 2026 ஜனவரியில் தங்குமிடங்களுக்கான பெறுமதி சேர் வரியும் 9இல் இருந்து 21 வீதமாகியது. நகரசபையில் எனக்குக் கோபம் இல்லை. அங்கே இளம் ஆட்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. அதனால்தான் வீடுகளை எயார்பிஎன்பிக்கு விடுவதை 2019இல் ஆண்டுக்கு 30 இரவாகக் குறைத்தார்கள். 2024இல் புதிய ஹொட்டலுக்கும் கதவைச் சாத்தினார்கள், பழையது ஒன்று மூடினால்தான் புதியது வரலாம். பதிவு எண் இல்லாத வீடு மலிவாகக் கிடைத்தால் அது இன்னொருவர் குடியிருக்க வேண்டிய வீடாக இருக்கலாம்.

நான் எண்டால் நயினாதீவுக்கோ வேலணைக்கோ போவன், அதாவது ஹார்லெமுக்கோ லைடனுக்கோ. ஹார்லெம் ரயிலில் கால் மணித்தியாலம் சொச்சம், லைடன் அரை மணித்தியாலம் சொச்சம். அங்கேயும் வாய்க்கால் இருக்கு, பழைய வீடு இருக்கு, காலையில் பாண் வாங்கப் போகிற ஊர்ச் சனமும் இருக்கு.

பகலில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய தலைமையகத்தைப் பாருங்கோ. இப்ப அது பல்கலைக்கழகத்தின் கையில். செங்கல் முற்றத்தில் மாணவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். யாழ்ப்பாணத்து யானைக் கணக்கு வந்து சேர்ந்தது அந்தக் கம்பனிக்குத்தான்.