கடல்மீன் தொட்டிக்குப் பவளக்கல் வேண்டாம், கிளிஞ்சல் போதும்

நெல், தென்னை, வெற்றிலை ஆகியவற்றை நம்பி வாழும் சோழவந்தான் வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு உபதொழில் ஒன்று அவசியம். கறவை மாடு, கோழி ஆகியவற்றோடு இப்போது வண்ண மீன் வளர்ப்பும் பேசப்படுகிறது. கோமாளி மீன் போன்ற கடல் வண்ண மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வகுத்துள்ளனர். அந்நிலையத்தின் மண்டல மையம் மண்டபத்தில் இயங்குகிறது. ஆகவே இம்மீன்களை வளர்க்க உள்ளூரிலும் சிலர் ஆசைப்படுவது இயல்பே.

ஆனால் சோழவந்தானுக்கும் கடலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கடல்நீரை வண்டியில் கொண்டுவந்தாலும், அதற்கென விற்கும் உப்பைக் கரைத்தாலும் செலவு உண்டு. சமையல் உப்பு இதற்கு உதவாது. எனவே ஊற்றிய நீரைக் கெடாமல் காப்பதில்தான் தொழிலின் வெற்றி இருக்கிறது. அதைச் செய்வது வடிகட்டி.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சி அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கடல்நீர் காரத்தன்மை உள்ளதாகையால், அதில் அம்மோனியாவின் நஞ்சு ஆற்றுநீரில் இருப்பதைவிடக் கடுமையாகும். நிலத்தில் இட்ட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைப் போன்றவையே தொட்டியிலும் இந்த நஞ்சை முறிக்கின்றன. அவை ஒட்டி வாழ இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பதே வடிகட்டிப் பொருளின் முதல் வேலை. விலையுயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை.

கோழிகளுக்குப் போடும் கிளிஞ்சலைக் கொண்டைக்கடலை அளவில் எடுத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். கழுவிய சரளைக் கல்லும் உதவும். பொடிமணல் விரைவில் அடைத்துக்கொள்ளும். கிளிஞ்சலுக்கு முன்னால் நுரைப்பஞ்சு ஒன்றை வைத்தால் தூசியும் அழுக்கும் அதிலேயே தங்கிவிடும். குஞ்சுகள் உள்ள தொட்டிக்குக் காற்றுப் பம்போடு இணைந்த பஞ்சு வடிகட்டியே பாதுகாப்பானது.

தென்னை மிகுந்த ஊர் என்பதால் தேங்காய் நாரையும் சிரட்டைக் கரியையும் போடலாமே என்று தோன்றும். நார் சாயம் விட்டு அழுகும், அது ஆகாது. அடுப்பில் எரித்த கரியும் கூடாது. ஆலையில் பதப்படுத்திய சிரட்டைக் கரி நீரின் நிறத்தையும் வாடையையும் ஈர்க்கும், அம்மோனியாவை நீக்காது, சில வாரங்களில் மாற்றவும் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் அம்மோனியாவை ஈர்க்கும் சியோலைட் கல், உப்புநீரில் அந்த வேலையைச் செய்வதில்லை. அதை வாங்குவது வீண் செலவு.

பவளக்கல்தான் சிறந்தது என்று சிலர் ஆசை காட்டுவதுண்டு. அதை நம்பலாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன; பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் மூழ்கிவிட்டன. சுற்றிலுமிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிளிஞ்சலே செய்யக்கூடிய வேலைக்காக மீனவர்களின் வாழ்வாதாரமான திட்டுகளை அழிப்பது நியாயமாகுமா? சிறு விவசாயி பவளத் தொட்டி ஆசையை விட்டு, பொரிப்பகத்தில் பிறந்த மீன்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எந்தப் பொருளைப் போட்டாலும் பொறுமை வேண்டும். நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நிறைய விட்டால் சாவு நிச்சயம். வடிகட்டியைக் குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். மின்சாரம் நின்றால் நுண்ணுயிர்களும் காற்றின்றித் தவிக்கும் என்பதால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருப்பது நலம்.

நைட்ரேட் தேங்காமலிருக்க அவ்வப்போது கொஞ்சம் நீரை மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் பலர் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. நூறு லிட்டர் கடல்நீரில் சுமார் மூன்றரைக் கிலோ உப்பு உண்டு. அந்நீரை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ ஊற்றினால் மண் உவராகும். வெற்றிலைக் கொடி உவர்மண்ணைத் தாங்காது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையின் மண்ணை ஒரு மீன் தொட்டிக்காகக் கெடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத பாத்தியில் கழிவுநீரை விட்டு வெயிலில் காயவைத்து, உப்பை அள்ளிவிட வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டில் கடல்மீன் தொட்டியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நன்னீர் வண்ண மீன்கள் இருக்கவே இருக்கின்றன.